இல்லமே இசைப்பள்ளி

ஆயகலைகள் அறுபத்து நான்கு என்பர். அவற்றுள் படித்தவரையும் படியாதவரையும் ஒரே பாயில் அமர்த்தும் ஆற்றல் இசைக்கே உண்டு என்பது என் துணிபு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் பெயர் சூட்டி மகிழ்ந்த இனம் நம் தமிழினம். அத்தகைய நம்மில் பெரும்பாலோர் இன்று, “சாஸ்திரீய சங்கீதமா? அது நமக்கெதற்கு?” என்று ஒதுங்குவது ஏன்?

காரணம் கேட்டால் மூன்று சொல்வர். அது பாடகர் பரம்பரையின் சொத்து. அதற்குப் பணம் வேண்டும். அதன் மொழி புரியாது. இம்மூன்றையும் சற்று ஆராய்வோம்.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கொத்தனார், தாயார் தையல் வேலை செய்பவர். என் தங்கையை இசை வகுப்பு ஒன்றில் சேர்க்கச் சென்றபோது, “வீட்டில் யார் பாடுவார்கள்?” என்பதே முதற்கேள்வியாக வந்தது. “யாரும் இல்லை” என்றோம். “கேள்வி ஞானம் இல்லாவிட்டால் கஷ்டம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த விடையில் ஓர் உண்மையும் உண்டு, ஒரு பிழையும் உண்டு. இசை வீட்டில் வளர்வது என்பது உண்மை. பாடகர் வீட்டில் மட்டுமே வளரும் என்பது பிழை.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை எண்ணிப் பாருங்கள். 1859-இல் பிறந்த அவர், ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் சித்த மருத்துவர் ஆனவர். மருந்து விற்று ஈட்டிய பொருளை இசை மாநாடுகளுக்குச் செலவிட்டார். தம் மக்களுக்கும் இசை பயிற்றினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் சுருதி ஆராய்ச்சியை விளக்கியபோது, அதை இசைத்துக் காட்டியவர்கள் அவர்தம் புதல்வியரே! மறு ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தபின் மகன் வரகுணபாண்டியன் யாழைப் பற்றி நூல் எழுதினார். ஒரு மருத்துவரின் இல்லம் இசை ஆராய்ச்சிக் கூடமாயிற்று என்றால், ஒரு கொத்தனாரின் இல்லம் இசைப்பள்ளி ஆகக் கூடாதா?

பணம் இல்லையே என்பது அடுத்த தடை. 1938-இல் தோன்றிய சென்னை வானொலி நிலையம், ‘இசைப்பயிற்சி’ என்றே நிகழ்ச்சி நடத்தி, வித்துவான்களை நம் வீடுகளுக்குள் அழைத்து வந்தது. இன்றோ கைப்பேசியில் கேளாத கச்சேரி இல்லை. மார்கழியில் சென்னைச் சபாக்கள் பலவற்றில் பகல் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் போதும். மொழிக்குறை சொல்வோருக்கு முத்துத் தாண்டவரும், மாரிமுத்தாப் பிள்ளையும், அருணாசலக் கவிராயரும், கோபாலகிருஷ்ண பாரதியாரும் விடை தருவர். 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் எழுப்பிய முழக்கமும் அதுவே அன்றோ?

இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் நாங்கள் நால்வரும் சேர்ந்து கேட்கிறோம். ஒருநாள் நாதசுரத்தில் மல்லாரி ஒலித்தது. இராகம் கம்பீர நாட்டை என்று நான் தேடிக்கொண்டிருக்கையில், “இது சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதுடா” என்றார் கும்பகோணத்துப் பக்கம் பிறந்த என் தாயார். கேள்வி ஞானம் இல்லாத வீடா எங்கள் வீடு? ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தந்தையார் காய்த்துப்போன கையால் தவறாமல் போடுகிறார். சட்சம் 240 அதிர்வானால் பஞ்சமம் 360, மேல் சட்சம் 480 என்று நான் இயற்பியல் சொல்கிறேன். தங்கை சரளி வரிசை பாட முயல்கிறாள்.

என் பாடநூலைத் திறந்தால் பெற்றோர் அறையை விட்டே விலகிச் செல்வர், இடையூறாகிவிடுவோமோ என்று. படிப்பு எங்களை உயர்த்துகிறது. ஆயினும் எங்களுக்கிடையே ஒரு திரையையும் தொங்கவிடுகிறது. இசையின் முன் அத்திரை இல்லை. அங்கே நால்வரும் முதல் வகுப்பு மாணவர்களே. சில நாள் அவர்களே எனக்கு ஆசிரியர்கள்.

முறையாகப் பாடக் குரு வேண்டும். பிசகிய சுரத்தைக் கைப்பேசி திருத்தாது. அதற்கு அரசு இசைப்பள்ளிகள் பல மாவட்டங்களில் உள்ளன. ஆனால் செவியைப் பழக்க வீடு போதும். ஆசிரியப் பெருமக்களே, நம் கல்லூரி விழாவில் ஒரு மாலையேனும் பெற்றோரும் அமர்ந்து கேட்க ஓர் இசையரங்கு வையுங்கள். நண்பர்களே, இன்றிரவே உங்கள் தாய் தந்தையரை அருகில் அமர்த்தி ஓர் இராகம் கேளுங்கள். “வீட்டில் யார் பாடுவார்கள்?” என்று இனி எவரேனும் கேட்டால், “நாங்கள் எல்லோரும் கேட்போம்” என்று தலைநிமிர்ந்து சொல்வோம்!

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)