காபரேட்டரில் கைவைக்கும் முன்

மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய கார்கள் நமது கராஜ்களின் வாசலுக்கு வரும்போது, உரிமையாளரின் வாயிலிருந்து பெரும்பாலும் முதலில் எழும் முறைப்பாடு "மிஸ் அடிக்குது, ஸ்ராட்டில நிக்குதில்ல" என்பதே. அதனைக் கேட்ட மாத்திரத்திலே ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு காபரேட்டரை நோக்கிச் செல்லும் பழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அப்பழக்கம் பழுதைத் தீர்ப்பதில்லை, மறைக்கவே செய்கிறது என்பது எமது திடமான அபிப்பிராயம்.

மறைப்பது எவ்வாறெனில், ஒரு வால்வு சரிவரப் பொருந்தாமல் கசியும் யந்திரத்தில், பெற்றோலைச் சற்றுக் கூட்டி, துரொட்டில் ஸ்குரூவையும் அரைச்சுற்று உள்ளே திருகிவிட்டால், யந்திரம் நின்றுபோகாமல் ஓடும். உரிமையாளரும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் வால்வு கசிந்தபடியே இருக்கும். மிதமிஞ்சிய பெற்றோல் பிளக்கில் கரியாகப் படிந்தும், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவியும் புதிய நோய்களைத் தோற்றுவிக்கும். மொறிஸ் மைனர் 1000இன் யந்திரத்திலோ முதலாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரே உள்வாயும், மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு மற்றொரு வாயும் பொதுவாக அமைந்திருத்தலால், ஒன்றின் இன்லெற் வால்வு கசிந்தால் அடுத்ததன் கலவையும் கெட்டு, குற்றமற்ற சிலிண்டரும் குற்றவாளிபோலத் தோன்றும்.

ஆகையால் முதலில் அமுக்கம், பின்னர் தீப்பொறி, கடைசியிலேதான் கலவை என்ற ஒழுங்கு எக்காரணத்தாலும் மாற்றப்படலாகாது. யந்திரம் சூடாயிருக்கையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, துரொட்டிலை முழுதும் திறந்துவைத்து அமுக்கத்தை அளக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு மீண்டும் அளக்க, அளவு ஏறினால் பழுது றிங்கிலும், ஏறாவிட்டால் வால்விலும் உள்ளதென்று கொள்ளலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால், அவற்றின் நடுவே ஹெட் கஸ்கட் எரிந்துபோயிருக்கிறதென்ற சந்தேகம் வலுக்கும்.

இங்கே ரப்பெட் இடைவெளியைப்பற்றி விசேஷமாகச் சொல்லவேண்டியுள்ளது. இந்த யந்திரங்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயமே எக்சோஸ்ற் வால்வின் இருக்கையைத் தேய்வினின்றும் காத்துவந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டதன் பின்னர், கடினப்படுத்திய இருக்கை பொருத்தப்படாத ஹெட்களில் வால்வு சிறிது சிறிதாக உள்ளே அமிழ்ந்து, மொறிஸ் மைனர் 1000இல் 0.012 அங்குலமாக இருக்கவேண்டிய இடைவெளி குறைந்து, ஈற்றில் இல்லாமலே போகிறது. அப்பொழுது வால்வு முழுதும் மூடாது, சூடேறி எரியத் தொடங்கும். ரப்பெட் ஓசை குறைந்து வண்டி "இப்ப நல்ல அமைதியாய் ஓடுது" என்று உரிமையாளர் மகிழும் தருணமே நாம் அஞ்சவேண்டிய தருணம். நமது பகுதியின் மெதுவான ஓட்டத்தில் இத்தேய்வு தாமதமாகவே நிகழும் என்பது ஓர் ஆறுதல்தான். எனினும் நிகழாதென்று எண்ணிவிடலாகாது.

அமுக்கம் சரியென்று கண்டபின் மின்சாரத்துக்கு வருவோம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய நிலத்தில், உப்புக்காற்றும் மாரிகாலத்து ஈரமும் சேர்ந்து செய்யும் சேதம் கொழும்பு நூல்களில் எழுதப்பட்டதன்று. கார்த்திகை, மார்கழி விடியற்காலையில் மிஸ் அடித்து, வெயில் ஏறியதும் தெளிந்துவிடும் வண்டியில் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் சந்தேகிக்கவேண்டும். இருட்டில் பொனற்றைத் திறந்து, வயர்களின்மேல் நீரை மென்மையாகத் தூவிப் பார்த்தால், மின்சாரம் வழிதப்பிப் பாய்வது நீலப் பொறிகளாகப் பிரத்தியட்சமாகும். மாறாக, காலையில் ஒழுங்காகப் புறப்பட்டு, கச்சான் காற்று வீசும் உச்சிவேளையில் சூடேறிய பிறகு குழம்பும் வண்டியில் கொயிலையும் கொண்டென்சரையும் தேடுக; பொயின்ற் முகம் சீக்கிரத்திலே கருகிக் குழிவிழுந்திருப்பது கொண்டென்சருக்கு எதிரான சாட்சி. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலமும் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருந்தும் குழப்பம் தீராவிடின், டிஸ்ரிபியூட்டரின் உள்ளே தட்டையும் உடலையும் இணைக்கும் சிறிய எர்த் வயரையும், யந்திரத்தையும் பொடியையும் இணைக்கும் பட்டையையும் பாருங்கள். உப்புப் பூத்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே முழுமையாகத் தோன்றும்.

இன்னொரு விஷயம் பெரும்பாலானோரால் கவனிக்கப்படுவதில்லை. மொறிஸ் மைனர்கள் பற்றரியின் நேர்முனை பொடியிலே பூட்டப்பட்டவையாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பின்னாளில் அல்ரர்நேற்றரோ ரேடியோவோ பொருத்துவதற்காக எதிர்முனைக்கு மாற்றியவர்கள் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற மறந்துவிடுவர். அத்தகைய வண்டியில் தீப்பொறி தலைகீழாகப் பாய்வதால் கூடிய மின்னழுத்தம் தேவைப்படும். வறண்ட நாளில் குறை தெரியாது. ஈரமான காலையிலோ மிஸ் அடிக்கும். புதுப் பிளக், புது வயர், புதுக் கொயில் என்று பணம் கரைந்தபின்னும் தீராத பல வழக்குகளின் மூலம் இவ்விரண்டு வயர்களே.

இவையெல்லாம் சுத்தமென்று நிச்சயித்த பிறகே எஸ்.யூ. காபரேட்டரைத் தொடலாம். அப்பொழுதும் முதலில் மனிபோல்ட் கஸ்கட்டிலும் துரொட்டில் ஸ்பிண்டிலிலும் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டைக் கேட்ட ஊரவர்க்கு, இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மனிபோல்ட் நெடுகிலும் நகர்த்தி காற்றுக் கசியும் சீறலைக் கேட்கும் வித்தையைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஸ்பிண்டில் தேய்ந்த வண்டி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேகத்தில் ஐட்லிங்கில் நிற்கும். அதனை எவ்வளவு திருகியும் பிரயோசனமில்லை. கலவையைச் சோதிக்கக் காபரேட்டரின் பிஸ்ரனை 0.8 மில்லிமீற்றர் அளவே உயர்த்துக: வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், யந்திரம் நின்றுபோனால் குறைவு, கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

காபரேட்டரை முதலில் திருகும் வழக்கம் பஞ்சகாலத்திலிருந்து வந்ததென்றே நாம் கருதுகிறோம். 1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், சிறிது பெற்றோல் ஊற்றி ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் இதே கார்களை ஓட்டிக்காட்டிய நம் தொழிலாளரின் மதிநுட்பம் என்றென்றும் போற்றத்தக்கது. கிடைத்ததை எரித்து வண்டியை நகர்த்துவதே அன்றைய தேவை. அந்த உபாயத்தை 92 ஒக்டேன் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாளிலும் சிகிச்சையாகக் கொள்ளுதல் தகாது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பு உயர்ந்ததை நாம் எல்லோரும் அறிவோம். இன்னும் பல்லாண்டு ஓடவேண்டிய வண்டிகளை அளந்து பார்த்தே பழுதுபார்த்தல் வேண்டும்.

எனவே வாசகர்களாகிய தொழில் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதுபார்க்கும் ஒவ்வொரு பழைய காருக்கும் நான்கு சிலிண்டர்களின் அமுக்கம், எட்டு வால்வுகளின் இடைவெளி, காபரேட்டர் நட் எத்தனை பட்டை திருப்பப்பட்டது என்பவற்றைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை உரிமையாளரிடமும் கொடுங்கள். எக்சோஸ்ற் வால்வின் இடைவெளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்தவர்கள் அக்குறிப்பை எமக்கு அனுப்பினால், கடினப்படுத்திய இருக்கை பொருத்திய ஹெட்களையும் பொருத்தாதவற்றையும் ஒப்பிட்டு இவ்விதழில் வெளியிடுவோம்.