ராணிக்கு வேலை போன கதை

ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத்தைக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சுலபமான கணக்கு. பேராசைக்காரி, புருஷனைத் தூண்டிவிட்டாள், மனசாட்சி உறுத்தியது, புத்தி பேதலித்தது, செத்தாள். பரீட்சைக்கு இது போதும். ராயபுரத்தில் குடியிருக்கிறவனுக்குப் போதாது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போவது ஆண். கரையில் விலை பேசி, கடனைக் கட்டி, வட்டிக்காரனுக்கு வாயடைப்பது பெரும்பாலும் பெண். மேக்பெத்தின் மனைவியும் முதல் இரண்டு அங்கங்களில் அப்படித்தான். போருக்குப் போன புருஷனிடமிருந்து கடிதம் வருகிறது. அவன் வாசலில் கால் வைப்பதற்குள், ராஜாவைக் கொல்வதென்று இவள் முடிவே செய்துவிடுகிறாள். கொலை முடிந்ததும் கத்திகளை அறையிலேயே விட்டுவராமல் கையோடு கொண்டுவந்து நடுங்குகிறான் அவன். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், தூங்கும் காவலர்கள் மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வருகிறவள் அவள்தான். தண்ணீர் விட்டுக் கழுவினால் தீர்ந்தது என்கிறாள். தூங்கும் கிழவன் தன் அப்பன் ஜாடையில் இல்லாவிட்டால் தானே குத்தியிருப்பேன் என்றும் சொல்கிறாள். விரிசல் அப்போதே விழுந்துவிட்டது, சரி. ஆனால் அவளை உடைத்தது அது மட்டும்தானா?

மூன்றாம் அங்கத்தைக் கவனமாகப் படியுங்கள். தோழன் பாங்கோவைக் கொல்ல மேக்பெத் ஆள் வைக்கிறான், மனைவியிடம் சொல்லவில்லை. உனக்கு எதற்கு, முடிந்த பிறகு மெச்சிக்கொள் என்கிற தோரணை. விருந்தில் பாங்கோவின் ஆவியைக் கண்டு மேக்பெத் உளறும்போது, வந்தவர்களைச் சமாளித்து அனுப்பும் வேலை மட்டும் அவளுக்கு. நான்காம் அங்கத்தில் அவள் மேடைக்கே வருவதில்லை. ஐந்தாம் அங்கத்தில் வரும்போது தூக்கத்தில் நடக்கிறாள், இல்லாத கறையைக் கழுவுகிறாள். செய்யுளில் முழங்கியவள் துண்டு துண்டான உரைநடையில் பேசுகிறாள். அப்புறம் உள்ளேயிருந்து பெண்களின் அலறல்; சாவுச் செய்தி. சிம்மாசனம் கிடைத்த அன்றே அவளுக்கு வேலை போய்விட்டது என்பது என் கட்சி. குற்ற உணர்வு எல்லோருக்கும்தான் வரும். யோசனை கேட்க ஆளில்லாத வீட்டில்தான் அது ஆளைத் தின்னும்.

1785இல் லண்டனில் நடிகை சாரா சிடன்ஸ் அந்தத் தூக்கநடைக் காட்சியில் மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கழுவினார். வேண்டாம், வழக்கத்தை மாற்றாதீர்கள் என்று அரங்க நிர்வாகி ஷெரிடன் முன்கூட்டியே மன்றாடினாராம். சிடன்ஸ் கேட்கவில்லை. கழுவ இரண்டு கை வேண்டுமே! நம்மூரில் பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை ‘மகபதி’ ஆக்கினார். 1891இல் தொடங்கிய அவருடைய சுகுண விலாச சபையில் ஸ்திரீபார்ட் போட்டதெல்லாம் ஆண்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலும் பையன்கள்தான்.

எங்கள் பேட்டையின் லேடி மேக்பெத் வந்து சேர்ந்தது 2018இல், வெற்றிமாறனின் ‘வட சென்னை’யில். ஆண்ட்ரியா நடித்த சந்திரா. கொலை முடிந்த கையோடு நாலு பேர் உட்கார்ந்து பேசுவதில் தொடங்குகிற படம் அது. கொல்லப்பட்டவன் அமீர் நடித்த ராஜன், சந்திராவின் புருஷன். கொன்றவர்களில் ஒருவனான குணாவையே அவள் பிறகு கட்டிக்கொள்கிறாள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். தன்னை யாரும் கலந்து பேசாததே அவளுக்கு வசதி. குணாவும் இன்னொரு கொலையாளியான செந்திலும் அடித்துக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பழி முடிக்கும் ஆளாகப் படத்தின் நாயகன் அன்புவைக் கண்டுகொள்கிறாள். ஸ்காட்லாந்துக்காரியின் கிராஃப் உச்சியிலிருந்து சரிகிறது. சந்திராவுடையது கீழேயிருந்து ஏறுகிறது. சிடன்ஸ் மாதிரி உருகவில்லை ஆண்ட்ரியா. முகத்தைப் பூட்டியே வைத்திருந்தார். அன்புவை விட எனக்கு அவள் கதைதான் பெரிது. ஆனால் படம் ‘அன்புவின் எழுச்சி’ என்று எழுத்துப் போட்டு முடிகிறது.

பழி தீர்ந்த மறுநாள் சந்திராவிடம் யார் யோசனை கேட்பார்கள் என்பதுதான் என் சந்தேகம். அடுத்த பாகமாகச் சொன்ன அந்த எழுச்சி இன்னும் திரைக்கு வரவில்லை. வெற்றிமாறன் எப்போது எடுத்தாலும் சரி, நான்காம் அங்கத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம்.