மிஷன் வீட்டுக்கு மருத்துவர்கள் வருமுன்

திருவள்ளூர் மாவட்டத்துக்கு மருத்துவ முகாம்கள் புதியவை அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ எனத் தமிழக அரசே மருத்துவத்தை ஊர்களுக்கு எடுத்துச் சென்றது. திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் வெளியூர் மருத்துவக் குழுக்களை வரவழைத்து, மிஷன் வளாகங்களில் தங்கவைத்து முகாம் நடத்துவதும் நெடுநாளைய வழக்கம். இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது, சர்க்கரை பார்க்கப்படுகிறது, மாத்திரை வழங்கப்படுகிறது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைக்கூடத்திலிருந்து மூச்சிரைப்போடு வருபவரிடம், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கப்படுகிறதா? ஒரு முகாமை எடைபோட நாம் முன்வைக்கும் அளவுகோல் இக்கேள்வியே.

மிஷன் வீட்டுக்கு இம்மண்ணில் ஒரு வரலாறு உண்டு. திருவள்ளூர் வட்டாரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த 1890களில், வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் பறையர் மக்களின் நிலமின்மையையும் பண்ணையடிமை நிலையையும் எழுத்தில் பதிந்து அரசின் முன் வைத்தனர். ஆட்சியர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையும், அதையடுத்து வந்த 1892ஆம் ஆண்டு அரசாணையும் பஞ்சமி நிலங்களுக்கு வழிகோலின. மிஷனரிகளின் மதமாற்ற நோக்கத்தை நாம் விமர்சிக்கலாம். எனினும், நில மீட்புப் போராட்டங்கள் இன்றும் அக்கால ஆவணங்களைப் பற்றியே நிற்கின்றன. அன்று செய்யப்பட்ட இரக்கச் செயல்கள் பல மறக்கப்பட்டன. எழுதிவைக்கப்பட்ட சான்று நிலைத்தது.

நோயைப் பதிவு செய்வதைச் சட்டமும் மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. ஈய நஞ்சேற்றம், சிலிகோசிஸ் முதலிய பட்டியலிட்ட தொழில்நோய்களைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 89ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 12ஆம் பிரிவும் இக்கடமையைத் தக்கவைத்துள்ளது. ஒருநாள் வந்துபோகும் மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். அதே தொகுப்பு, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பை 20இலிருந்து 50 ஆகவும் உயர்த்திவிட்டது. சிறு பட்டறைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளிலிருந்து மறையும் இக்காலத்தில், முகாமில் எழுதப்படும் ஒரு தாள் அவர்தம் உழைப்பையும் நோயையும் இணைக்கும் முதற்சான்றாகலாம்.

ஆகவே மிஷன் வீட்டை ஆயத்தப்படுத்தும் பணி கட்டில், பந்தல், சமையலோடு முடிவதில்லை. இரவு ஷிப்ட் முடித்தவர்க்குக் காலையிலும், பகல் ஷிப்ட் முடித்தவர்க்கு மாலையிலும் கதவு திறந்திருக்க வேண்டும். டோக்கன்கள் ஊர்ப்பெரியவர் கையில் தேங்கிவிடாமல் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் முதலில் சேர வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளம் அறிந்தவர்கள் உடனிருக்க வேண்டும். ஆலை, பிரிவு, ஒப்பந்தக்காரர், பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் ஒவ்வொருவருக்கும் நிரப்பப்பட வேண்டும். சிலிகோசிஸைக் காசநோய் என்று தவறாகக் கருதி மருந்து தருவது நாடெங்கும் நிகழ்வதே. மார்பு எக்ஸ்ரேயும், ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனையும், பணிவரலாறும் இன்றி உண்மை வெளிப்படாது. முகாமில் இவ்வசதி இல்லையெனில், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லிக்கோ அனுப்பும் ஏற்பாடு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். வளாகத்தைக் கூட்டுவதும் கழிப்பறையைக் கழுவுவதும் யார்? ‘சேவை’ என்ற பெயரில் இவ்வேலை காலனிப் பெண்கள் தலையில் கூலியின்றி விழுமாயின், நோய் தீர்க்கும் முகாமே சாதித் தொழிலைப் புதுப்பிக்கிறது. உரிய கூலியும், பரிசோதனை வரிசையில் இடமும் அவர்களின் உரிமை. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். பயன்படுத்திய ஊசிகளைத் தூய்மைப் பணியாளரின் வெறுங்கைக்கு விடுவது சட்டமீறல்.

நோய் பதிவானால் வேலை போகும் என்ற அச்சம் தொழிலாளர்க்கு உண்டு. அது பொய்யச்சமும் அன்று. ஆலை நிர்வாகமே சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து முகாமுக்குப் பணம் தருமிடத்தில் அவ்வச்சம் இரட்டிப்பாகும். எனவே பரிசோதனைத் தாள்கள் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. அறிக்கை அனுப்பப்படும் என்பதைத் தொழிலாளரிடம் முன்பே விளக்கி, அதன் நகலை அவரிடமே தர வேண்டும். அவர் தனித்து நிற்காதவாறு தொழிற்சங்கமும் தலித் இயக்கங்களும் உடன் நிற்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்குரிய இ.எஸ்.ஐ. அட்டை கையில் உண்டா என்பதையும் அன்றே சரிபார்க்கலாம்.

2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்தம் நோயை எழுதி வைக்கும் கடமை அரசுடையது. மிஷன் வீட்டு முகாம் அதற்கு மாற்றாகாது. அக்கடமையைச் செய்யுமாறு அரசை நெருக்கும் சான்றுகளை மட்டும் அது திரட்டித் தரலாம். அடுத்த முகாமுக்குத் தன்னார்வலராகச் செல்லும் மாணவர்கள், பணிவரலாற்றுப் படிவம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையெனில் நீங்களே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.