அடிவரியில் ஒரு பூதம்!

விலா எலும்பு முறிந்ததா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். முறியவில்லை. ஆனால் அறிக்கையின் அடியிலே, ஆங்கிலத்திலே, ஒரு வரி: நுரையீரலில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு! தேடாமலே கிடைத்த பொருள். 2020-21 கொரோனாக் காலத்திலே மார்பு ஸ்கேன் பெருகியபோது, இப்படிப்பட்ட வரிகளும் பெருகின.

இந்த வரிக்கு நம் நாட்டிலே இரண்டு கதி. ஆங்கிலம் அறிந்தவர் வீட்டிலே அது பூதமாகிறது, "புற்றோ!" என்று குடும்பமே உறக்கமிழக்கிறது, பணப்பை கரைகிறது. அறியாதவர் வீட்டிலேயோ, உறையோடு பரணுக்குப் போகிறது. எது கொடுமை? இரண்டும்தான்!

முடிச்சென்றால் புற்றுதானா? அமெரிக்காவிலே 53,454 பேரிடம் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2011-ல் வெளிவந்தது. அவர்கள் நீண்ட காலம் புகைத்தவர்கள். நோய் இருக்கிறதா என்று தேடி எடுத்த படங்கள். அங்கேகூட, ஸ்கேனிலே ஐயத்துக்குரியவை எனப்பட்ட முடிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றல்ல! நம் நாட்டிலோ காசநோய் ஆறிப்போய் விட்டுச்சென்ற தழும்பே முடிச்சாகத் தெரிவது வழக்கம். ஆனால், அந்த ஆய்விலேயே, எக்ஸ்ரே எடுத்தவரைவிட ஸ்கேன் எடுத்தவரிடையே நுரையீரல் புற்றுச் சாவு ஐந்திலொரு பங்கு குறைந்தது. ஆகவே, அலட்சியமும் ஆகாது.

என்ன செய்வது? ஃபிளைஷ்னர் சங்கத்து மருத்துவ அறிஞர்கள் 2017-ல் வழி வகுத்திருக்கிறார்கள். 35 வயது கடந்தவர், புற்று வரலாறோ எதிர்ப்பாற்றல் குறைவோ இல்லாதவர், புகைக்காதவர் — இவருக்குக் கெட்டியான ஒற்றை முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால், வழக்கமான மறுபடம் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால், 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடம். அதற்கு மேலென்றால், சுமார் மூன்று மாதத்தில் மறுபடமோ, பெட் ஸ்கேனோ, ஊசிவழிச் சதைச் சோதனையோ. புகைப்பவருக்குக் கண்காணிப்பு கூடுதல். மங்கலாகத் தெரியும் முடிச்சுக்குக் கணக்கே வேறு, ஐந்தாண்டுகூடப் பார்க்க வேண்டிவரும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு: பழைய படம்! ஈராண்டுக்கு முந்தைய ஸ்கேனிலே அதே கெட்டி முடிச்சு அதே அளவிலே இருந்தால், பெரும்பாலும் அச்சமில்லை. ஆனால், பழைய படத்தைப் பத்திரப்படுத்தென்று நோயாளியிடம் சொன்னவர் யார்?

நாம் கேட்பது கோடி ரூபாய்த் திட்டமல்ல. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்நாள் என்று அட்டையிலே எழுதித் தருகிறோமே, அதுபோல ஒரு சீட்டு, தமிழிலே! முடிச்சின் அளவென்ன, மறுபடம் எந்த மாதம், பார்க்கவேண்டிய மருத்துவர் யார் — மூன்றே வரி. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே ஒரு பதிவேடு. மாதம் வந்தும் ஆள் வராவிடில் தொலைபேசியிலே ஓர் அழைப்பு. காசநோயாளி மாத்திரைக்கு வராவிடில் வீடுதேடிச் செல்லும் ஊழியர் அரசிடம் இருக்கிறாரே! இதற்கு மட்டும் ஆளில்லையா?