கூத்தைத் திட்டிக்கொண்டே கூத்துக்குப் போவது ஏன்?

பொழுது விடிந்துவிட்டது. ஊர்க்கோடியில் ஒரு டீக்கடை. பெஞ்சியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் கண் சிவந்திருக்கிறது. இரவு முழுவதும் தூங்கவில்லை. கூத்துப் பார்த்தார்கள்.

"என்னய்யா கூத்து இது! கர்ணனுக்குக் குரலே எழும்பல" என்கிறார் ஒருவர்.

"குரலை விடு. திரைக்குப் பின்னால நின்னு பாடணுமே, அதுல ரெண்டு பாட்டை முழுங்கிட்டான். நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்கிறார் அடுத்தவர்.

"எங்க அப்பா காலத்துல கர்ணன் விழுந்தான்னா ஊரே அழும். இப்ப கர்ணன் விழறான், பசங்க பொரி தின்றானுங்க" என்கிறார் மூன்றாமவர்.

நாலாமவர் வயதில் பெரியவர். தறி நெய்து காய்த்துப்போன கை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார்.

"இனிமே இந்தக் கூத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்!"

டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்கிறார்: "சரி பெரியவரே, இன்னிக்கு ராத்திரி என்ன கூத்து?"

"பதினெட்டாம் போர். சாயந்திரமே பேரனை அனுப்பிப் பாய் போடச் சொல்லணும். இல்லாட்டி முன்னால இடம் கிடைக்காது!"

இது நான் கட்டிச் சொன்ன காட்சிதான். ஆனால் கூத்து நடக்கும் ஊர்களில் மறுநாள் காலை போய்ப் பாருங்கள். இந்த நாலு பேரும் அங்கே இருப்பார்கள்.

திருத்தணிக்கு மேற்கே, சோளிங்கருக்கு வடக்கே இருக்கிறது ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜு பேட்டை என்பது முழுப் பெயர். சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். திரௌபதி அம்மனுக்குத் திருவிழா எடுக்கும் வட்டாரம். இந்தத் திருவிழா ஒரு நாளில் முடிவதல்ல. பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள். இரவில் அதே கதையை வேஷம் கட்டி ஆடுவார்கள். பாஞ்சாலி துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு இரவு கதை நகரும். பதினெட்டாம் போர் முடிந்தால் படுகளம். பிறகு தீமிதி.

இத்தனை இரவும் கண் விழித்துப் பார்க்கிறார்கள். காலையில் திட்டுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் போகவேண்டும்? பிடிக்கிறது என்றால் ஏன் திட்டவேண்டும்?

"இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிலும் திருப்தி இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு என்பது என் கருத்து. உயிருக்கு உயிராக நேசிப்பவர்தான் இப்படிக் குறை சொல்வார். ஏன் என்று சொல்கிறேன்.

பார்ப்பவருக்கும் பங்கு உண்டு

அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்களா? உயரமான ஒரு மரத்தை நட்டிருப்பார்கள். அதுதான் தபசு மரம். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் கீழே போடுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மேலே இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் அதை நினைப்பதில்லை. அவர் அர்ச்சுனன், அவ்வளவுதான்.

துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேஷக்காரர் என்ன செய்கிறார்? பாஞ்சாலியின் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார். அம்மன் மேல் கை வைக்கப் போகிறோமே என்ற பயம். ஆடுகிறவர் கும்பிடும்போது பார்க்கிறவரும் எழுந்து கும்பிடுகிறார்.

படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் மிகப் பெரிதாகச் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடுவார்கள். ஊர் ஜனம் நாலு பக்கமும் நிற்கும். அப்போது அந்த ஜனம்தான் போர்க்களம்.

சினிமாவுக்குக் காசு கொடுத்துப் போகிறோம். பிடிக்காவிட்டால் எழுந்து வருகிறோம். அடுத்த வாரம் வேறு படம். கூத்து அப்படியா? வீட்டுக்கு வீடு வரி போட்டு ஊர் நடத்துவது அது. பந்தல்கால் நடுவதற்கு ஒருவர் போயிருப்பார். வேஷக்காரருக்குச் சோறு போட்டது இன்னொருவர் வீடாக இருக்கும். ஆடையில் பத்து ரூபாய் குத்தி மரியாதை செய்தவர் வேறொருவர்.

கலியாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் விருந்தாளி வாய் திறக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சத்தம் போடுகிறவர் யார்? பெண்ணின் சித்தப்பா! அது அவர் வீட்டுக் கலியாணம். டீக்கடைப் பெரியவர் பேசியதும் சித்தப்பா பேச்சுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை

வேஷம் கட்டும் ஆசை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேஷம் கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அரிதாரம் கிடையாது, கிரீடம் கிடையாது. நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். நம் கூத்து வாத்தியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "குகைக்குள் நுழைகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். பூதத்தை வெட்டினானா, வெட்டுப்பட்டானா என்பதைக் காய் உருட்டிப் பார்ப்பார்கள். நம் தாயக்கட்டை போலத்தான். ஆனால் அவர்கள் உருட்டுவதில் இருபது முகம் கொண்ட காயும் உண்டு.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இவற்றில் பேர்போனது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் ஆடுகிறார்கள்.

அதன் ரசிகர்களும் நம் டீக்கடைக்காரர்கள் மாதிரியே! 2000-ல் விதிகளைத் திருத்திப் புதிய பதிப்புக் கொண்டுவந்தார்கள். 2008-ல் மறுபடியும் மாற்றினார்கள். "இது நம்ம விளையாட்டே இல்லை" என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். பழைய விதிகளை வைத்து 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற வேறு விளையாட்டு வந்தது. கோபித்துக்கொண்டவர்கள் பலர் அங்கே போனார்கள். திட்டியவர்கள் விளையாட்டை விடவில்லை. மேசையைத்தான் மாற்றினார்கள்.

2023 ஜனவரியில் பெரிய ரகளை நடந்தது. அந்த விளையாட்டை வைத்து மற்றவர்களும் கதை எழுதி விற்கலாம் என்று 2000-ல் ஓர் உரிமம் கொடுத்திருந்தார்கள். அதை இறுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வெளியே கசிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். கட்டிவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். அந்த மாதம் 27-ம் தேதி 'விஸார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்' என்ற அந்தக் கம்பெனி பின்வாங்கியது. விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது.

இது எப்படி நடந்தது? குறை சொன்னார்கள், அதனால் நடந்தது. "போனால் போகட்டும்" என்று வாய்மூடி இருந்திருந்தால் நடந்திருக்காது.

குறை எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், தெரிந்திருப்பது. எத்தனை பாட்டு என்று தெரிந்தவருக்குத்தான் ரெண்டு பாட்டுக் குறைந்தது தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம், நினைப்பு. அந்தப் பெரியவர் முதன்முதலாகக் கர்ணனைப் பார்த்தபோது அவருக்கு ஏழு வயது இருக்கலாம். தாத்தா மடியில் படுத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பார்த்திருப்பார். திரை விலகியது. தீவட்டி வெளிச்சத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, கர்ணன் பனைமர உயரத்துக்கு நின்றான். அந்தக் கர்ணனை இனி எந்த வேஷக்காரர் ஜெயிக்க முடியும்? இது ஆடுகிறவர் குற்றமல்ல. நமக்கு வயதாகிவிட்டது. தாத்தாவும் இல்லை, அந்த மடியும் இல்லை. அந்த வருத்தத்தை வேஷக்காரர் தலையில் போடுகிறோம்.

மூன்றாவது காரணம், கூத்து முடிந்துவிட்டதே என்ற ஏக்கம். குறை பேசினால் கூத்து இன்னும் ஒரு மணி நேரம் நீளும். ஒருவர் "இப்படிப் பாடியிருக்க வேண்டும்" என்று பாடிக் காட்டுவார். இன்னொருவர் பெஞ்சியைத் தட்டித் தாளம் போடுவார். டீக்கடையிலேயே கர்ண மோட்சம் மறுபடி நடந்துவிடும்!

நாலாவது காரணம், பயம். கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். இதுதான் பெரிய காரணம்.

எது மருந்து, எது விஷம்?

அப்படியானால் எல்லாக் குறையும் நல்லதா? இல்லை. இரண்டு வகை உண்டு.

"ரெண்டு பாட்டை விட்டுட்டியே தம்பி, அடுத்த தடவை பாடு" என்பது ஒரு வகை. அது மருந்து. கசக்கும், குணப்படுத்தும்.

"கூத்தெல்லாம் அந்தக் காலத்தோட செத்துப் போச்சு" என்பது இன்னொரு வகை. அது விஷம். கேட்டுக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளை என்ன நினைப்பான்? 'செத்துப் போனதை நான் ஏன் பார்க்க வேண்டும்?' என்று செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். முன்வரிசைப் பாய் ஒன்று காலியாகும். அடுத்த வருஷம் கூட்டத்தில் ஒருவர், "கூத்து எதற்கு? ஆடல் பாடல் வைத்துவிடலாம்" என்பார். மறுத்துப் பேச ஆள் இருக்காது.

குறை சொல்லும்முன் கொஞ்சம் விசாரிக்கவும் வேண்டும். பாட்டைக் குறைத்தது சோம்பலாலா? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. விழா நாட்களுக்கு அரசு விலக்குத் தரலாம், அதுவும் நள்ளிரவு வரைதான். விடிய விடிய ஆடும் கூத்தை எதில் அடக்குவது? விருத்தத்தை வெட்டுவதா, சண்டையை வெட்டுவதா? அந்தக் கஷ்டம் ஆடுகிறவருக்குத்தான் தெரியும்.

பெயரையே குறை சொன்னவர்

குறை சொல்வது எப்படி என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துப் பக்கம் பெ. ராஜகோபால் என்ற கலைஞர். கூத்தாடும் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வேஷம் கட்டியவர். அவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. 'தெருக்கூத்து' என்ற பெயரே கலைஞனைத் தாழ்த்துகிறது என்றார். வேஷக்காரர் அணியும் மரக்கட்டை அணிகளை வைத்து, இதைக் 'கட்டைக்கூத்து' என்றே சொல்ல வேண்டும் என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? இல்லை. 1990-ல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து சங்கம் கண்டார்கள். அதில் அவர் முன்னே நின்றார். 2002-ல் ஆண், பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் கூத்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கக் குருகுலம் வந்தது. பாஞ்சாலி வேஷத்தையும் ஆண்களே கட்டிய கலையில் பெண்பிள்ளைகள் கிரீடம் வைத்து ஆடினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே கற்றவர்கள் கற்றதை மறக்க மாட்டார்கள்.

குறை சொன்ன வாய் ஒன்று. அதைத் தீர்க்க உழைத்த கை இரண்டு. கணக்குச் சரியாக இருக்கிறதல்லவா?

என்ன செய்யலாம்?

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களே, தாராளமாகக் குறை சொல்லுங்கள். ஆனால் டீக்கடையோடு நிறுத்தாதீர்கள். விடிந்ததும் வேஷக்காரர் அரிதாரம் கலைக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு சொம்பு மோர் கொண்டுபோங்கள். முதலில் நன்றாக இருந்ததைச் சொல்லுங்கள். பிறகு விட்டுப்போன பாட்டைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு உங்களுக்கு நினைவிருந்தால் பாடிக் காட்டுங்கள். அந்தக் கர்ணனுக்கு அதைவிடப் பெரிய சன்மானம் கிடையாது.

பேரப்பிள்ளைகளிடம் "செத்துப் போச்சு" என்று சொல்லாதீர்கள். "வா, என் பக்கத்தில் உட்கார்" என்று சொல்லுங்கள். யார் கர்ணன், ஏன் அழுகிறான் என்று காதோடு சொல்லுங்கள். பாதித் தூக்கத்தில் பார்த்தாலும் பரவாயில்லை. நீங்களும் அப்படித்தானே பார்த்தீர்கள்!

ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்வரிசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவரைக் கண்டு கோபப்படாதீர்கள். அவர்தான் உங்கள் பாட்டை எண்ணுகிறவர். என்றைக்கு எண்ண ஆள் இல்லையோ, அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதோ, பொழுது சாய்கிறது. கோயில் வாசலில் மத்தளச் சத்தம் கேட்கிறது. "இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்ற பெரியவர் வந்துவிட்டார். முன்வரிசையில் பாய் விரித்தாகிவிட்டது. பக்கத்தில் பேரன்.

"தாத்தா, நேத்து நல்லாயில்லைன்னு சொன்னியே?"

"அது நேத்துடா. இன்னிக்கு எப்படி ஆடறான் பார்க்கலாம். பேசாம உட்காரு!"