டைகருக்கு அனுமதி இல்லை

"கிண்டி தேசியப் பூங்காவே மிருகங்களுக்குத்தானே சார்? என் டைகரும் மிருகம்தானே! அவனை மட்டும் ஏன் உள்ளே விடக்கூடாது?" என்று கேட்டார் ஆபீஸ் நண்பர் ஒருவர்.

நியாயமான கேள்வி. டைகர் ஒரு லேப்ரடார். பிஸ்கட் கொடுத்தால் திருடனுக்கும் வாலாட்டும். மானை என்ன பண்ணிடப் போகுது?

ஒண்ணும் பண்ண வேண்டாம், வந்தாலே போதும். சிட்னி பக்கத்துக் காடுகளில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சும்மா நடந்து பார்த்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத பாதையோடு ஒப்பிட்டால் பறவைகள் 41 சதவீதம் குறைவு. வகைகள் 35 சதவீதம் குறைவு. 2007-ல் வெளியான ஆராய்ச்சி இது.

அடுத்தது, வியாதி. நாய்களுக்கு வரும் 'டிஸ்டெம்பர்' வைரஸ் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைத் தீர்த்துக்கட்டியது. சிங்கத்துக்கே அந்தக் கதி!

கிண்டிக் காடு மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். மிரண்ட புள்ளிமான் எங்கே ஓடும்? சுவரைத் தாண்டினால் சர்தார் படேல் ரோடு, பஸ்!

அதனால், டைகருக்குத் தடுப்பூசி போட்டு, சங்கிலியோடு பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிப்போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மட்டும் பிடி இறுக்கமாக இருக்கட்டும். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் சீஸன் அது. மணலுக்கடியில் ஆம்லெட் இருக்கிற விஷயம் டைகர் மூக்குக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் கையில் சங்கிலி மட்டும்தான் மிஞ்சும்.