தூரத்து யந்திரமும் அடையாளச் சோதனையும்

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணினி தொடங்கிவைக்கப்பெற்றது. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகளைப் போடவல்ல இத்தகைய யந்திரத்தின் முன்னமர்ந்து வேலை வாங்குவாரிலர். அனுமதி பெற்ற மாணவன் மாங்காட்டில் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தும் எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியால் கட்டளையிடலாம்.

ஹெல்சிங்கியில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டமை கண்டு, தாத்து யூலோனென் என்பார் 1995-ல் இம்முறையை வகுத்தார். அதற்கு முன்னிருந்த டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பியது.

மறைத்துப் பேசுதல் பாதிக் காரியமே. யாருடன் பேசுகின்றோமென்பது மறுபாதி. மனிதன் முதன்முறை இணையுங்கால், எதிர்யந்திரத்தின் சாவிக்குறியைக் காட்டி, 'இதனை நம்பலாமா?' என்று வினவப்படுகின்றான். நம்மவர் பலர் படியாமலே ஆமென்று விடுகின்றனர். அது வேறு கதை. நிரலுக்கோ ஐயுறும் அறிவே இல்லை. ஆகவேதான் பைத்தான் மொழியினர் கையாளும் 'பாராமிக்கோ' என்னும் நூலகம், அறியாத யந்திரத்தை மறுப்பதையே இயல்பாகக் கொண்டுள்ளது. அம்மறுப்பைக் கண்டவுடன், 'அறியாதவர் எவர் வரினும் ஏற்றுக்கொள்' என்னும் ஒற்றை வரியைச் சேர்த்து அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். இவ்வழக்கம் ஒழியவேண்டுமென்பது எமது துணிபு.

இடையில் புகுந்த வஞ்சகனொருவன் தானே அவ்யந்திரமென்று கூறின், நிரல் கடவுச்சொல்லை அவன் கையிலேயே கொடுத்துவிடுமன்றோ? கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோலிணையைக் கையாளின் அதன் இரகசியப் பாதி வெளிச்செல்லாது என்பது மெய்யே. எனினும் கட்டளைகளும் கோப்புகளும் அவனிடமே போய்ச் சேரும்.

'யந்திரத்தைப் புதுப்பித்தால் சாவிக்குறி மாறி, நள்ளிரவில் வேலை நின்றுவிடுமே' என்பாருமுளர். நின்ற வேலையைக் காலையில் தொடரலாம். கைமாறிய கோப்பைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்? மேலும், பழைய சாவிகளைப் புதிய அமைப்பிலும் வைத்துக்கொள்ளுதல் நிர்வாகிக்கு அரிய செயலன்று. நிரலுக்கெனத் தனித் திறவுகோல் வழங்கி, அது ஒரே கட்டளையை மட்டும் நடத்துமாறு எதிர்யந்திரத்தில் வரையறுத்தலும் கூடும். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்நிரலைத் தோழர்க்கெல்லாம் வழங்கும் தாராள மனத்தினரைப்பற்றி யாம் என் சொல்வது!

சாவிக்குறியை நிர்வாகியிடம் நேரிலேனும் தொலைபேசியிலேனும் கேட்டறிந்து, நிரல் இணையுமுன்னரே அறிந்த யந்திரங்களின் கோப்பில் பதிந்து வைத்தல் கால்மணி நேர வேலை. நம் கல்லூரிக் கணினிக்கூடத்தின் வாயிலில் அக்குறிகளை ஒரு தாளிலெழுதி ஒட்டிவைப்பின், மாணவர் கேட்கும் சிரமமும் இராது.